நாடாப்புழுவுக்குள் ஒரு திகனக் கல்

கண்டியை அடுத்த திகனப் பக்கத்தில் உடைத்தெடுக்கும் வெள்ளைக் கல் தொலமைற்று, அதாவது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பை முறிக்கத் தூவுவதும் இந்தக் கல்லின் பொடிதான். குடலில் ஒட்டி வாழும் நாடாப்புழுவின் உடலிலும் ஏறக்குறைய இதே சரக்கு இருக்கிறது. அதன் இழையங்களில் நுண்ணிய சுண்ணாம்பு மணிகள் அடைந்து கிடக்கின்றன. 1960களில் அமெரிக்காவில் தியோடர் வொன் பிராண்டும் கூட்டாளிகளும் ஒரு நாடாப்புழுக் குடம்பையின் மணிகளைப் பிரித்துச் சூடாக்கியபோது, உருவமற்றுக் கிடந்த அப்பொருளில் தொலமைற்றுப் பளிங்கே தோன்றியது. புழுவுக்கு இந்த மணிகள் எதற்கு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. வாயும் குடலும் இல்லாமல் தோலாலேயே உண்ணும் ஓர் உயிர், உடம்பெல்லாம் கல்லைச் சுமந்து திரிவது விநோதந்தான்.

விநோதம் அளவீட்டில் வில்லங்கமாகிறது. ஓர் உயிர் எதை உண்டு வளர்ந்தது என்றறிய, அதன் உடலிலுள்ள காபன்-13, நைதரசன்-15 சமதானிகளின் விகிதத்தைப் பார்ப்பார்கள். உலர்ந்த புழுவை எரித்து வாயுவை அளக்கும் கருவிக்கு, தசையின் காபனும் மணியின் காபனும் ஒன்றுதான். கல் பொறுக்காத அரிசியைத் தராசில் போடுவது போன்ற வேலை இது. அமிலம் விட்டு மணியைக் கரைக்கலாமே என்றால், அந்த அமிலம் நைதரசன் கணக்கைக் குழப்பக்கூடும். எனவே புழுவை உலர்த்தி அரைத்து, பொடியை இரண்டாகப் பிரித்து, அமிலமிட்ட பங்கில் காபனையும் இடாத பங்கில் நைதரசனையும் அளப்பதே முறை. அரைக்காமல் துண்டாக வெட்டிப் பிரிப்பது சரிவராது. வால்பக்கத் துண்டுகள் முட்டையால் நிறைந்தவை, கழுத்துப்பக்கம் அப்படியல்ல.

இத்தனை சிறு வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஓர் உணவுப்படி ஏறும்போது காபன் விகிதம் மாறுவதே ஆயிரத்தில் ஒன்றளவுதான். கொழுப்பிலோ காபன்-13 புரதத்தைவிட ஆயிரத்தில் ஆறு, எட்டு என்று குறைந்திருக்கும். கெடாமலிருக்க எதனோலில் இட்டுவைத்த புழு கொழுப்பில் கொஞ்சத்தை இழந்தாலே, தேடிவந்த வித்தியாசத்துக்கு ஈடான பிழை நுழைந்துவிடும். அதற்குப் பதில் போமலினில் இட்டாலோ, அது தன் சொந்தக் காபனையே புழுவின் உடலில் ஏற்றும். அப்படியானால் எல்லாப் புழுக்களிலும் கொழுப்பை முழுதாகக் கழுவிவிடலாம் என்பது அடுத்த வாதம். மீனுக்கு அது பொருந்தலாம். நாடாப்புழுவோ கொழுப்பமிலங்களைத் தானே தொகுக்க முடியாதது. விருந்துவழங்கியிடம் எடுத்ததையே வைத்திருக்கிறது. அதன் கொழுப்பைக் கழுவினால், யாரிடம் உண்டது என்ற சாட்சியில் பாதி போய்விடும். கழுவியதும் கழுவாததும் இரண்டும் வேண்டும்.

ஆய்வுகூட அலமாரிப் போத்தல்களில் பெரும்பாலும் புழுவின் பெயரும் திகதியும் இருக்கும், எந்தத் திரவம், எத்தனை நாள் என்பது இருக்காது. உருவம் பார்க்க அந்தப் புழு போதும், காபன் பார்க்கப் போதாது. உறையவைத்த புழுவே இதற்கு நல்லது. அதற்கு வசதியில்லாத இடத்தில், திரவத்தின் பெயரைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள் போடலாம். பேனா மையை எதனோல் கரைத்துவிடும்.