மீன் குறைவதற்கு நீர்நாய்தான் காரணமா?

ஆற்றில் மீன்வரத்து குறையும்போதெல்லாம் நீர்நாய் மீது பழி விழுகிறது. வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடுகிறது என்பது மீனவர்களின் நெடுநாள் குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், ஆற்றின் இழப்புக்கே அதைப் பொறுப்பாக்குவது நியாயமன்று என்று நான் கருதுகிறேன்.

காவிரி போன்ற பெரிய ஆறுகளில் வாழும் ஆற்று நீர்நாய் 7 முதல் 11 கிலோ எடையுள்ளது. குடும்பமாகச் சேர்ந்து மீன்கூட்டத்தை வளைத்து வேட்டையாடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ இரை அதற்குத் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் சிறுநக நீர்நாயோ கற்களுக்கடியில் விரல்களால் துழாவி நண்டுகளைப் பிடிக்கிறது.

நீர்நாய்கள் கரைப் பாறைகளிலும் மணல்திட்டுகளிலும் குறிப்பிட்ட இடங்களில் எச்சமிடுகின்றன. அதிலுள்ள செதில், முள், ஓடு ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் உணவைக் கணிக்கின்றனர். கேரளத்தின் பெரியாறு ஏரியில் நடந்த அத்தகைய ஆய்வில், ஆற்று நீர்நாயின் உணவில் மீனே மிகப் பெரும்பங்கு என்பதும், திலாப்பியா போன்ற அயல் மீன்கள் அதில் முக்கிய இடம் பெறுவதும் தெரியவந்தன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நாட்டு மீன்களின் இடத்தைப் பறித்துக்கொண்ட இனம். ஆக, நீர்நாய் உண்பதெல்லாம் நாட்டு மீனுக்கு நட்டம் அன்று.

நீர்நாய் வாளை மீனை இரையாகக் கொள்வதை ஐங்குறுநூறே குறிப்பிடுகிறது. ஈராயிரம் ஆண்டுகளாக அது தின்றும் தீராத மீன் இப்போது குறைகிறதென்றால், காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்தது. வெடியில் குஞ்சு, முட்டை, சினைமீன் யாவும் ஒருங்கே அழிகின்றன. மணற்கொள்ளையோ மீன் முட்டையிடும் இடத்தையும் நீர்நாய் வளை தோண்டும் கரையையும் சேர்த்தே அழிக்கிறது.

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கம். எனினும், சரணாலய எல்லைக்கு வெளியே ஆறு நின்றுவிடுவதில்லை. கரியாலூரிலிருந்து இதை எழுதும் எனக்கு, கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் நினைவுக்கு வருகிறது. பெரிய ஆற்றுக்குரிய காவல் சிற்றாறுகளுக்கும் வேண்டும். கிழிந்த வலைக்கு மீனவருக்கு இழப்பீடு கொடுங்கள்; வெடி வைப்போர் மீது வழக்குப் போடுங்கள். இவ்விரண்டும் நடந்தால், மீனவரும் நீர்நாயும் ஒரே ஆற்றில் பிழைக்கலாம்.