விண்ணப்ப எண் 1602

1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. எண் 1602/எம்ஏஎஸ்/98. எம்ஏஎஸ் என்றால் மெட்ராஸ். அனுப்பியது ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். இமாட்டினிப் மெசிலேட் என்ற வேதிப்பொருளின் பீட்டா படிக வடிவத்துக்கு அது காப்புரிமை கேட்டது. ஏழு ஆண்டுகள் யாரும் அந்தக் கோப்பை எடுத்துப் பரிசீலிக்கவில்லை. பரிசீலிக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்பதே காரணம். மருந்துப் பொருளுக்கு அன்று இந்தியாவில் காப்புரிமை கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி 2005-க்குள் சட்டத்தை மாற்ற வேண்டும், அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மருந்துக்குக் காப்புரிமை இல்லாத அந்தச் சட்டத்தின் அடித்தளம் நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரின் 1959 அறிக்கை. அதைத் தழுவி வந்த 1970 சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும் குறுகிய காலக் காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. அதே மருந்தை வேறு வழியில் செய்து விற்கலாம். இந்தியாவின் ஜெனரிக் மருந்துத் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001-இல் சிப்லாவின் யூசுப் ஹமீத் ஆப்பிரிக்காவுக்குச் சொல்ல முடிந்ததும் இதனால்தான்.

இமாட்டினிப் சாதாரண மருந்தல்ல. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் முன்பு சில ஆண்டுகளே தாங்குவார்கள். நோயைக் கிளப்பிவிடும் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் இந்த மாத்திரை, சாவை நீண்டகால வியாதியாக மாற்றியது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. நிபந்தனை ஒன்றுண்டு: பெரும்பாலோர் தினமும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். க்ளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் வைத்த விலை, மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய ஜெனரிக்குகள் 8,000 முதல் 10,000 வரை. அந்த 8,000-மே அன்றைய கூலிக் குடும்பத்துக்கு எட்டாத தொகை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு இடைக்காலமாகத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் காட்டி ஜெனரிக் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒரே மாத்திரைக்கு ஒரே நாட்டில் இரண்டு நியாயம்!

2005-இல் புதிய சட்டம் வந்தபோது, இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் 3(டி) பிரிவு இன்றைய வடிவத்தைப் பெற்றது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், முன்னதைவிடக் கூடுதல் செயல்திறன் காட்டினாலொழிய கண்டுபிடிப்பாகாது என்கிறது அது. 20 ஆண்டுக் காப்புரிமை முடியப்போகும் நேரத்தில் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி இன்னொரு 20 ஆண்டு வாங்கும் பழக்கத்துக்கு வைத்த தாழ்ப்பாள். இதே சட்டத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தது: காப்புரிமை தருவதற்கு முன்பே, யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஜெனரிக் நிறுவனங்களோடு, புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பும் அந்த வழியாக உள்ளே வந்தது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்.

நோவார்ட்டிஸ் அந்த உத்தரவை மட்டுமல்ல, 3(டி) பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று மனுவை நிராகரித்தது. டிரிப்ஸுக்கு விரோதம் என்றால் முறையிட வேண்டிய இடம் உலக வர்த்தக அமைப்பு. இங்கே அந்தப் பிரிவில் பாரபட்சம் ஏதும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஸ்விட்சர்லாந்து அங்கே போகவே இல்லை. 

காப்புரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்த வழக்குக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவு. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய். மருந்து என்றால் செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறனே. பொடி நன்றாக உதிர்கிறது, ஈரம் இழுப்பதில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது என்றது தீர்ப்பு. எனக்குப் பிடித்த இடம் வேறு. நாட்கோ நிறுவனத்தின் வீனட் 100 மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, 2004 பிப்ரவரியில் நோவார்ட்டிஸ் தரப்பு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. இமாட்டினிப் மெசிலேட், 1993-இல் விண்ணப்பித்த எங்கள் காப்புரிமைக்குள் அடக்கம், விற்பனையை நிறுத்து என்று. அங்கே பழைய காப்புரிமையில் அடக்கமான பொருள், டெல்லிக்கு வந்ததும் அதில் இல்லாத புதிய பொருளாகிவிட்டது. நீதிமன்றம் அந்த நோட்டீஸை எடுத்துக்காட்டியே வாதத்தை உடைத்தது.

எங்கள் மருந்தைச் சாப்பிடும் இந்தியர்களில் பெரும்பாலோருக்கு இலவசமாகவே தருகிறோம் என்பது நோவார்ட்டிஸின் பதில். ஆயிரக்கணக்கானோருக்குத் தந்ததும் உண்மை. ஆனால் இலவசத்தின் விதிகளைக் கொடுப்பவர்தான் எழுதுவார். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் போன்ற அமைப்பு டெண்டர் விட்டு வாங்க வேண்டுமானால், விற்க இரண்டு பேராவது வேண்டும். அதற்காக ஜெனரிக் கம்பெனிகளைத் தர்மவான்களாக்கவும் தேவையில்லை. அவர்களும் லாபத்துக்குத்தான் கடை விரித்தார்கள்.

இந்த வெற்றியைக் கொண்டாடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இதில் பாதி வேலையைச் செய்தது நாட்காட்டி. இமாட்டினிப் என்ற மூலக்கூறு, டிரிப்ஸ் அமலுக்கு வந்த 1995-க்கு முந்தையது. அதனால் இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கேட்கவே வழியில்லை, படிகம் மட்டுமே மிச்சம். 1995-க்குப் பின் பிறந்த மூலக்கூறு என்றால் கதை வேறு. மூலக் காப்புரிமையை 3(டி) தொடாது. அது முடிந்த பிறகு நீட்டிக்க விடாமல் தடுக்கும், அவ்வளவே. காசநோய் மருந்து பெடாகுவிலின் இதற்குச் சான்று. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் உப்பு வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை, காசநோய் மருந்துகளால் செவித்திறன் இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேஸா டிசிலேயும் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் நிராகரித்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை காலாவதியானது. ஆகஸ்டில் ஜான்சன் நிறுவனமே, உலகக் காசநோய்க் கொள்முதல் அமைப்புக்குத் தரும் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரிவால் பயனில்லை.

காத்திருக்க முடியாதவர்களுக்குச் சட்டத்தில், காப்புரிமை இருக்கும்போதே இன்னொரு நிறுவனம் மருந்தைச் செய்ய அனுமதிக்கும் கட்டாய உரிமம் என்ற வழி உண்டு. 2012 மார்ச் 9 அன்று, பேயர் நிறுவனத்தின் நெக்சவர் புற்றுநோய் மருந்துக்கு, நாட்கோ கேட்டதன்பேரில், அது ஒரே ஒருமுறை பயன்பட்டது. மாதம் 2,80,428 ரூபாய் மருந்து 8,880-க்கு வந்தது. பேயருக்கு விற்பனையில் 6 சதவீத ராயல்டி, பிறகு 7 ஆனது. அதற்குப் பிறகு இந்தியா இன்னொரு கட்டாய உரிமம் தந்ததில்லை. சட்டம் அப்படியே இருக்கிறது. குறைந்திருப்பது துணிச்சல்தான் என்பது என் எண்ணம்.

2024 மார்ச் 10 அன்று, ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்தது. ஐந்து நாள் கழித்துத் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் வெளியாயின. முன்பு கட்டணமின்றித் தரலாம் என்றிருந்த ஆட்சேபத்துக்கு இப்போது கட்டணம் உண்டு. அதை ஏற்பதா என்பதை முதலில் கட்டுப்பாட்டாளர் முடிவு செய்வார். காப்புரிமை வைத்திருப்பவர் மருந்தை இந்தியாவில் எவ்வளவு விற்றார் என்று ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்த படிவம் 27, இனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். நோயாளிகளில் எத்தனை சொற்பப் பேருக்கு நெக்சவர் கிடைத்தது என்பதை நாட்கோ நிரூபித்தது அந்தப் படிவத்தை வைத்துத்தான்.