மதகு திறப்பதற்குள் வீடு தயாராகுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆந்திர எல்லையோரப் பிச்சாட்டூரில் பேச்சு ஏரிப் பக்கம் திரும்பிவிடும். ஆரணியாற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கத்தைத்தான் ஊரார் ஏரி என்கிறார்கள். கொள்ளளவு 1.85 டி.எம்.சி. நிரம்பிவிட்டால் மதகைத் திறந்தே ஆகவேண்டும். தொலைக்காட்சியின் அடியில் 'விநாடிக்கு 1,000 கன அடி திறப்பு' என்று ஓடும் வரியைப் பார்த்துவிட்டுப் பலர் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்கள். 1,000 கன அடி என்பது 28,000 லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கும் மேல் ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கவிழ்த்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஒரு நாள் முழுக்க அப்படி விட்டாலும் நிரம்பிய ஏரியில் இருபதில் ஒரு பங்கு அளவுகூடக் குறையாது. மலைப்பக்கம் மழை விடாவிட்டால் திறப்பு ஆயிரத்தோடு ஏன் நிற்பதில்லை என்பது இதிலிருந்தே புரியும்.

அந்தத் தண்ணீர் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாகப் போய் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கங்களைத் தொட்டுப் பழவேற்காட்டை நோக்கிப் போகிறது. ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் பல. ஆற்றோரக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன விஷயம். பழகிப்போனதாலேயே வீட்டுக்குள் எந்த ஏற்பாடும் இல்லாமல் இருக்கிறது.

பேரிடருக்குத் தயாராவது என்றால் டார்ச், பிஸ்கட், தீப்பெட்டி என்று பட்டியல் போட்டு வாங்கிவைப்பது என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். வாங்கவேண்டியது கொஞ்சம்தான். எந்த ஆபத்து எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். புயல் இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரும். மதகு திறப்புக்குச் சில மணி நேரம் கிடைக்கும். ஏரிக்கரை உடைந்தால் நிமிடங்கள்தான். பாம்பு கடித்தால் அதுவும் இல்லை. வீட்டுச் சாமான்களையும் வேலைகளையும் இந்தக் கணக்குப்படி பிரித்துவைப்பதுதான் உண்மையான ஏற்பாடு.

புயலில் தொடங்குவோம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பார்ப்பது சென்னைச் சேனல்களை. அவை சொல்வது திருவள்ளூருக்கு ஆரஞ்சா, சிவப்பா என்று. பிச்சாட்டூர் இருக்கும் திருப்பதி மாவட்டத்துக்கு எச்சரிக்கை தருவது அமராவதி வானிலை மையம். மேகம் ஒன்றுதான் என்றாலும் எச்சரிக்கை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. சிவப்பு என்றால் பொதுவாக 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று பொருள். புயல் எங்கே கரையேறும் என்பதை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவதும் கூடாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ல் மிக்ஜாம் கரையேறியது வெகு வடக்கே, பாபட்லா பக்கத்தில். இரண்டிலும் திருப்பதி மாவட்டம் நனைந்து மிதந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியில் மாவட்டத்தைக் குறித்துவைத்தால் எச்சரிக்கை கைபேசிக்கே வந்துவிடும். தெலுங்கில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கப் பாட்டிக்குத் தெரியாது, பேத்திக்குத் தெரியும். வீட்டில் யார் படித்துச் சொல்வது என்பதையும் முன்பே பேசிவைக்கலாம்.

ஏரி உடைப்பு வேறு ரகம். 2021 நவம்பர் 19 காலை கடப்பை மாவட்டம் ராஜம்பேட்டை அருகே செய்யேற்றில் இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. ஐந்து மதகுகளில் ஒன்று முன்பே பழுதாகித் திறக்க முடியாமல் இருந்தது. வந்த வெள்ளமோ மதகுகள் வெளியேற்றக்கூடியதைவிட அதிகம். கீழே இருந்த ஊர்களில் பலர் உயிரிழந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பதிக்குப் பக்கத்தில் ராயல செருவில் கசிவு கண்டதும் கரைக்குக் கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நல்லவேளை, அந்தக் கரை நின்றது. அப்படி ஓர் அறிவிப்பு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், பீரோ சாவியைத் தேடும் நேரம்தான் ஆளைக் கொல்லும்.

ஆகவே ஒரு பை. ட்ரங்குப் பெட்டி வேண்டாம், கனக்கும். தோளில் மாட்டும் பையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் பட்டாதார் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், ஆதார், ரைஸ் கார்டு, வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மெமோ. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாவதற்கு முன் வாங்கிய தாள்களில் சித்தூர் மாவட்டம் என்றே இருக்கும். பழசுதானே என்று அவற்றைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. டிஜிலாக்கரில் அரசுத் துறைகளே ஏற்றித் தரும் சான்றுகள் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே கேமராவில் எடுத்து ஏற்றும் படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவைப்பது புத்திசாலித்தனம். ஜெராக்ஸ் கடையும் சேர்ந்து முழுகும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

அதே பையில் கொஞ்சம் சில்லறை நோட்டும் இருக்கட்டும். கரண்ட் போய் டவர் படுத்துவிட்டால் யு.பி.ஐ. வேலை செய்யாது. முக்கியமான எண்களைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். சார்ஜ் தீர்ந்த கைபேசிக்குள் இருக்கும் எண்ணால் பயன் இல்லை. பை எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நம் வீடுகளில் தாள்கள் இருக்கும் இடம் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அன்றைக்குச் சென்னைக்கு வேலைக்குப் போயிருப்பார்.

மருந்து தனிக் கதை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். மாத்திரைப் பெயர்களை எழுதிய சீட்டு ஒன்று பையில் இருந்தால், முகாமில் பார்க்கும் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் கதி என்று பலர் பயப்படுகிறார்கள். திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியே தாங்கும், வெயிலும் சூடும் படாமல் இருந்தால். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டி ஒன்றை வைத்து அதில் பாதுகாக்கலாம். ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினைப் போட்டுப் பயனில்லை.

பாலம் மூழ்கினால் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்வோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்தப் பகுதியில் சிலருக்கு வைத்தியம் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கம். சிலருக்குப் புத்தூர், திருப்பதி. வழக்கமாகப் போகும் மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தால், இந்தப் பக்கம் ஒன்றை விசாரித்துவைக்க வேண்டும், முக்கியமாக வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால். 108-ஐயோ 112-ஐயோ அழைக்கும்போது மாநிலம், மாவட்டம், மண்டலம் என்ற வரிசையில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். எல்லையோரத்தில் கைபேசி எந்த டவரைப் பிடிக்கும் என்று நிச்சயம் இல்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

மதகு திறக்கப்போகிறார்கள் என்று தண்டோரா போட்ட பிறகு கிடைக்கும் சில மணி நேரத்தில் என்ன செய்வது? அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவார்கள், அது சரி. அதற்கும் முன்னால் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு ஈரக் கையோடு அதைத் தொடக் கூடாது. சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிட வேண்டும். ஆற்றங்கரை மோட்டாரைக் காப்பாற்றப் போய் மின்சாரம் தாக்கிச் செத்த விவசாயிகளைப் பற்றி ஒவ்வொரு மழையிலும் படிக்கிறோம். மோட்டார் போனால் போகட்டும். மாடுகளை மேட்டுக்கு ஓட்ட நேரம் இல்லையென்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் இருக்கும் மாட்டுக்கு நீந்தத் தெரிந்தும் பயன் இல்லை. மாட்டின் காதில் தொங்கும் 12 இலக்க வில்லையைப் படம் எடுத்துவைத்தால் பிறகு நிவாரணம் கேட்கும்போது உதவும்.

வெள்ளம் வளைகளுக்குள் புகுந்தால் பாம்புகள் மேட்டைத் தேடி வரும். அந்த மேடு நம் வீடாகவும் இருக்கலாம். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது என்பதுதான் ஆபத்து. விடியும்போது கண் இமை தொங்கும், பேச்சு குழறும். கட்டில், கொசுவலை, தலைமாட்டில் டார்ச் என்று மூன்று இருந்தால் பல கடிகளைத் தவிர்க்கலாம். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், கடித்த கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துக் கையில் எடுத்துப் போகும் பழக்கம் தேவையில்லாதது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் எல்லோரும் துடைப்பத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அதற்குமுன் கைபேசியை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, இடிந்த மூலை, நனைந்த நெல் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு கழுவலாம். சேதம் கணக்கெடுக்கக் கிராம வருவாய் அலுவலர் (வி.ஆர்.ஓ.) வரும்போது வீடு சுத்தமாக இருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. மாடு இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைத்துவிடாதீர்கள். வயரிங் காய்ந்ததை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் ஸ்விட்சைப் போடக் கூடாது. குடிநீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது.