30 அங்குல அடி

இராணுவ சேவையிலிருந்து “மருத்துவக் காரணம்” என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணைப் பற்றி எந்த நாட்டிலும் ஒரே பேச்சுத்தான் எழும்: “பெம்பிளைப் பிள்ளைக்கு ஏலாத வேலை.” தனது உடலில்தான் பிழை என்று அவளும் நம்பிவிடுகிறாள். பிழை உடலிலா அல்லது அந்த உடலுக்கு வைக்கப்பட்ட அளவுகோலிலா என்பதைப் பிரித்தானியப் பெண்களின் அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

பிரித்தானிய இராணுவத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் முன்னர் வெவ்வேறு பயிற்சி மட்டங்கள் இருந்தன. 1998இல் சமத்துவத்தின் பெயரால் இருபாலாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே தேர்வு மட்டம் என்ற முறை வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவு வேறு. தொடர் பயிற்சியால் எலும்பிலும் தசையிலும் ஏற்பட்ட காயங்கள் காரணமாக, பயிற்சியை முடிக்காமலே மருத்துவ அடிப்படையில் விலக்கப்பட்ட பெண்களின் வீதம் 4.6இலிருந்து 11.1 ஆக உயர்ந்தது. ஆண்களில் அது 1.5 வீதத்தைத் தாண்டவில்லை. 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் இது வெளியானது.

இந்தக் காயம் விழுந்தெழும்பி வருவதல்ல. ஒரே சுமை எலும்பில் திரும்பத் திரும்ப விழும்போது, எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. மெல்லிய வெடிப்பு உண்டாகிறது. நடந்தால் நோகும், இருந்தால் குறையும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கூடத் தெரியாமல் போகலாம். அதனால் “நடிக்கிறாள்” என்ற பேச்சையும் அந்தப் பெண்கள் கேட்க நேரும். போதிய சாப்பாடு இல்லாமையும் மாதவிடாய் ஒழுங்கின்மையும் எலும்பை மேலும் பலவீனப்படுத்தும்.

விமானப்படையில் நடந்தது இன்னும் தெளிவானது. அங்கு பயிற்சி பெற்ற மூன்று பெண்கள், அணிநடையில் ஆண்களுடன் சேர்ந்து 30 அங்குல அடி வைக்க வேண்டியிருந்தது. உயரம் குறைந்தவர்கள் தமது இயல்பான அடியை மீறிக் காலை எட்டி வைத்தார்கள். ஒவ்வோர் அடியும் இடுப்பெலும்பை இழுத்தது. காயத்தால் அவர்களது படை வாழ்வு முடிந்தது. அவர்கள் அதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. சட்ட நடவடிக்கை எடுத்தார்கள். 2013இல் பாதுகாப்பு அமைச்சு ஒவ்வொருவருக்கும் சுமார் 100,000 பவுண் நட்டஈடு வழங்க இணங்கியது. கலப்பு அணிகளில் அடியின் நீளம் 27 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

மூன்றே அங்குலம்! அதைக் குறைப்பதால் எந்தப் படையும் பலவீனமடையப் போவதில்லை. ஆனால் அதைக் குறைக்காததால் இளம்பெண்கள் இடுப்புநோவுடன் வீடு திரும்பினார்கள்.

சகோதரிகளே, இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. சமத்துவம் என்பது எல்லோரையும் ஒரே அளவுச் சப்பாத்துக்குள் திணிப்பதல்ல. ஒரே வேலைக்கு ஒரே மதிப்பும் ஒரே கூலியும் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் விதமும் கருவியும் சுமையும் செய்பவரின் உடலுக்குப் பொருந்தவும் வேண்டும். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

போருக்குப் பின் நம்மில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கிறோம். கல்லும் மண்ணும் சீமெந்தும் தூக்குகிறோம். சிலரது உடலில் பழைய காயமும் எறிகணைச் சிதறல்களும் இருக்கின்றன. “இது பழகின நோதானே” என்று பனடோலோடு சமாளிக்கிறோம்.

வேலை செய்யும்போது கூடி, ஓய்வில் குறையும் நோ இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கே, எப்போது தொடங்கியது, என்ன வேலையில் கூடுகிறது என்பதைச் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும்போதும் நோ விடாவிட்டால் அல்லது கால் ஊன்ற முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு ஆகியவற்றை ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். உதவியோ நட்டஈடோ கேட்கும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கடதாசிகளே.

உடல் “இனி ஏலாது” என்று சொல்வது தோல்வியல்ல. சுமையின் அளவை மாற்று என்று அது கேட்கிறது. அதை முதலில் நாம் நம்ப வேண்டும். பிறகுதான் மற்றவர்களை நம்பவைக்கலாம்.