பங்கு வாங்கிய விவசாயி கணக்குக் கேட்கலாமா?

'எங்கள் ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கியபோது 1,000 ரூபாய் கட்டிப் பங்கு வாங்கினேன். மூன்று ஆண்டுகளாகக் கூட்டம் நடந்ததாகத் தெரியவில்லை. கணக்குக் கேட்டால், 'அதெல்லாம் கம்பெனிச் சட்டம், உங்களுக்குப் புரியாது' என்கிறார்கள். என் பணம் என்ன ஆகும்?'

இது ஒரு வாசகரின் கேள்வி. பங்கு வாங்கிய பல விவசாயிகளின் மனதிலும் இதே கேள்வி இருக்கும். கம்பெனிச் சட்டம் ஒன்றும் புரியாத மந்திரம் அல்ல. சில சொற்களுக்குப் பொருள் தெரிந்தால் போதும், தைரியமாகக் கணக்குக் கேட்கலாம்.

பங்குதாரர்

2002-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் மூலம், விவசாயிகளே சேர்ந்து 'உற்பத்தியாளர் கம்பெனி' தொடங்க வழி பிறந்தது. இப்போது இதற்கான விதிகள், 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 21-ஏ அத்தியாயத்தில் இருக்கின்றன. 10 விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள கம்பெனியில், ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான்.

நீங்கள் கட்டிய 1,000 ரூபாய் சந்தாவோ, வைப்புத்தொகையோ அல்ல, முதலீடு. கம்பெனி நஷ்டப்பட்டால் அந்தப் பணம் போகலாம். ஆனால், பங்குக்கு முழுத்தொகை கட்டியிருந்தால், கம்பெனிக் கடனுக்காக உங்கள் நிலத்திலோ, நகையிலோ கை வைக்க முடியாது. உறுப்பினரான 3 மாதங்களுக்குள், உங்களுக்குப் பிறகு பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று வாரிசு நியமனம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட மூலதனம், செலுத்தப்பட்ட மூலதனம்

'மூலதனம் 10 லட்சம்' என்று சொன்னால், எந்த மூலதனம் என்று கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட மூலதனம் என்பது குதிரின் கொள்ளளவு. செலுத்தப்பட்ட மூலதனம் என்பது குதிருக்குள் உண்மையில் கொட்டிய நெல். பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

இயக்குநர் குழு

குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 15 பேர். 3 மாதங்களுக்கு ஒரு முறையாவது இவர்கள் கூட வேண்டும். தலைமைச் செயல் அலுவலர், உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். இயக்குநருக்கோ, அவர் உறவினருக்கோ கம்பெனி கடன் கொடுப்பதென்றால், பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களின் ஒப்புதல் தேவை.

ஆண்டுப் பொதுக்கூட்டம்

ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் 15 மாதங்களுக்கு மேல் இடைவெளி கூடாது. 14 நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். அதோடு முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, இயக்குநர் பதவிக்கு நிற்பவர்களின் விவரம் ஆகியவையும் வர வேண்டும்.

உறுப்பினர்களில் 4-ல் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இதற்குத்தான் 'கோரம்' என்று பெயர். 400 பேர் இருந்தால் 100 பேர் வர வேண்டும். நடக்காத கூட்டத்துக்கு வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பிறகு, 'அன்றைக்கு நீங்களும்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்று உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள்.

நிறுத்திவைத்த விலை, ஆதரவு போனஸ்

கிலோ 70 ரூபாய் என்று விலை பேசி, இப்போது 65 ரூபாய் கொடுத்து, மீதி 5 ரூபாயைக் கம்பெனி நிறுத்திவைக்கலாம். அதைப் பிறகு பணமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ கொடுக்கலாம். எனவே, நிறுத்திவைத்த தொகைக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

ஆண்டு முடிவில் உபரி இருந்தால் போனஸ் தரலாம். இது பங்கைப் பொறுத்தது அல்ல. நீங்கள் கம்பெனியோடு செய்த வியாபாரத்தைப் பொறுத்தது. 500 கிலோ கொடுத்தவரைவிட 1,000 கிலோ கொடுத்தவருக்கு இரண்டு மடங்கு கிடைக்கும்.

ஆண்டறிக்கை தாக்கல்

பல கம்பெனிகள் சறுக்குவது இங்கேதான். பொதுக்கூட்டம் முடிந்த 30 நாள்களுக்குள் நிதிநிலை அறிக்கையையும், 60 நாள்களுக்குள் ஆண்டு விவர அறிக்கையையும் கம்பெனிப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 'வியாபாரமே நடக்கவில்லை' என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தாமதமானால், ஒவ்வோர் அறிக்கைக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டையும் ஓராண்டு தாமதித்தால் 73,000 ரூபாய். 73 விவசாயிகள் தலைக்கு 1,000 ரூபாய் போட்ட பணம் அப்படியே போய்விடும்.

தொடர்ந்து 3 ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். தொடர்ந்து 2 ஆண்டுகள் தொழில் நடக்காத கம்பெனியின் பெயரைப் பதிவாளர் நீக்கவும் முடியும்.

இப்போது என்ன செய்யலாம்?

பங்குச் சான்றிதழில் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட கம்பெனிப் பதிவு எண் இருக்கும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அதைக் கொடுத்தால், கம்பெனி உயிரோடு இருக்கிறதா, கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்று கட்டணமில்லாமல் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், ஐந்து நிமிட வேலை.

அடுத்து, இயக்குநர் குழுவுக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். பொதுக்கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டை அலுவலகத்தில் இலவசமாகப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் 3-ல் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், கம்பெனிப் பதிவாளருக்குப் புகார் அனுப்பலாம். பெயரே நீக்கப்பட்டிருந்தாலும், 20 ஆண்டுகளுக்குள் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் உறுப்பினர் முறையிட முடியும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இந்த நான்கு கேள்விகளையும் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, இப்போது வங்கியில் எவ்வளவு இருக்கிறது?
2. தணிக்கையாளர் குறை ஏதாவது எழுதியிருக்கிறாரா?
3. போன ஆண்டு அறிக்கைகளை எந்தத் தேதியில் தாக்கல் செய்தீர்கள், ரசீது எங்கே?
4. எனக்கு நிறுத்திவைத்த விலை எவ்வளவு, எப்போது தருவீர்கள்?