குழந்தைக்கும் சர்க்கரையா?

'சர்க்கரை வியாதியா? அதெல்லாம் நாப்பது வயசுக்கு மேல வர்றதாச்சே!' என்கிறீர்களா? 25 வயதுக்குள் இந்நோய் வந்தவர்களைக் கணக்கெடுக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2006-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் பதிவான 5,546 பேரில் சுமார் 64 சதவிகிதம் பேருக்கு இன்சுலின் சுரப்பே வற்றிவிடும் முதல் வகை. 25 சதவிகிதம் பேருக்கு, பெரியவர்களுக்கு வருகிற அதே இரண்டாம் வகை!

ஆனால், நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைதானே கணக்கில் வரும்? அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது... 'வெயில் சூடு'ன்னு விட்டுடாதீங்க. அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. முதல் வகைக்கு இன்சுலின் கட்டாயம். ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் படிப்பு, விளையாட்டு எதுவும் நிற்காது.