ஆற்றுத் தண்ணீரைச் சோதித்தால் போதாதா? விரால் மீனை ஏன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்?

கட்கி ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கல் ஏறினால், அடுத்த ஸ்டேஷனான தாபோடி வருவதற்குள் முலா ஆற்றைத் தாண்டிவிடுவீர்கள். நீங்கள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மூக்கு சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பது ஹாரிஸ் பாலம். பவனா ஆறு முலாவில் வந்து கலக்கும் இடமும் அதுதான். மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீர் மாதிரி எடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாரியம் வெளியிடும் நீர்த்தரக் குறியீடு நான்கு அளவுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது: பிஎச், கரைந்த ஆக்சிஜன், பிஓடி, மலக் கோலிஃபார்ம். ஆற்றில் எவ்வளவு சாக்கடை கலக்கிறது என்பதை இவை நன்றாகவே காட்டும். ஆனால் டிடிடி, பிசிபி, பிஎஃப்ஏஎஸ் போன்ற எளிதில் சிதையாத ரசாயனங்களைப் பற்றி இந்த நான்கும் ஒன்றும் சொல்லாது.

தண்ணீரிலேயே அளக்க முடியாதா?

முடியும், ஆனால் கஷ்டம். இந்த ரசாயனங்கள் தண்ணீரில் மிகக் குறைவாகவே இருக்கும். டிடிடி, பிசிபி போன்றவை கொழுப்பில்தான் கரையும். அதனால் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், பாசிக்குள் போகும். பாசியைப் புழு தின்னும், புழுவைக் கெண்டைக்குஞ்சு தின்னும், குஞ்சை விரால் தின்னும். ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கொண்டே போகும்.

எவ்வளவு கூடும்? கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949 முதல் 1957 வரை கொசு போன்ற பூச்சிகளை ஒழிக்க டிடிடியின் (DDT) உறவான DDD என்ற பூச்சிக்கொல்லியை மூன்று முறை கலந்தார்கள். தண்ணீரில் அதன் அளவு 10 லட்சத்தில் 0.02 பங்கு. அந்த ஏரி மீனைத் தின்று செத்த முக்குளிப்பான் வகைப் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு. கணக்குப் போட்டால் 80,000 மடங்கு. தண்ணீரை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

அதனால் விரால்?

ஆமாம். விரால், வாளை போன்ற வேட்டை மீன்கள் ஆற்று உணவுச் சங்கிலியின் மேல்படியில் இருப்பவை. மராத்தியில் ‘மரள்’ என்று விற்கப்படுவது நம்ம விரால்தான். பல வருடம் வாழும் ஒரு வேட்டை மீன், அந்த வருடங்களின் கணக்கை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் அன்றைய நிலையை மட்டும் சொல்லும்.

எப்படிக் கண்காணிப்பார்கள்?

அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள பேரேரிகளில் 1970களிலிருந்து இது நடக்கிறது. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே நீளம் என்று மீன்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வயதான மீனில் ரசாயனம் அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால், சின்னதையும் பெரியதையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். பல மீன்களைச் சேர்த்து அரைத்து, கொழுப்பின் அளவையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். சுற்றுச்சூழலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் முழு மீன். சாப்பிடுகிறவர்களைப் பற்றி என்றால் சதை மட்டும்.

பலன்? பிசிபிக்குத் தடை வந்தபின் மீன்களில் அதன் அளவு பல பத்தாண்டுகளாக இறங்கியதை அவர்களால் எண்களில் காட்ட முடிந்தது. ஃப்ரீசரில் பாதுகாத்த பழைய மீன்களை எடுத்து, 1980 முதல் 2001 வரை ஒன்டாரியோ ஏரி ட்ரௌட் மீனில் பிஎஃப்ஓஎஸ் பல மடங்கு உயர்ந்ததையும் கண்டுபிடித்தார்கள். அந்த மீன்களைப் பிடித்தபோது அந்த ரசாயனத்தை யாரும் தேடவில்லை.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

தடைகள் இருக்கின்றன. விவசாயத்தில் டிடிடி 1989லேயே விலக்கப்பட்டது; நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் தொடர்ந்தது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006ல் ஏற்றது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருக்கும் பிசிபியின் பயன்பாட்டை முடிக்க 2016 ஆணை கொடுத்த கெடு 31 டிசம்பர் 2025.

தடை வேலை செய்கிறதா என்று பார்க்கும் இடத்தில்தான் ஓட்டை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை வகை பிரிக்கிறது. வனவிலங்கு, மீன்வளத்துக்கான ‘டி’ வகைக்கு மூன்றே நிபந்தனைகள்: பிஎச் 6.5–8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம், அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்குள். மீன் உயிரோடு இருக்குமா என்பதற்கு இது பதில். மீனுக்குள் என்ன இருக்கிறது என்று இது கேட்பதே இல்லை.

கட்கி ஆற்று மீனை யார் சாப்பிடப் போகிறார்கள்?

முலா, முட்டாவோடு சேர்ந்து பீமாவில் கலந்து, சோலாப்பூர் மாவட்டத்தின் உஜனி அணைக்குப் போகிறது. அங்கே மீன்பிடிப்புதான் பல குடும்பங்களின் பிழைப்பு; பிக்வான் மீன் சந்தை புனேக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். கட்கியில் மூக்கைப் பொத்திக்கொண்டால் மட்டும் விஷயம் முடியாது.

இதைப் படித்து மீனை விட்டுவிட வேண்டாம். ஒரே வகையைச் சாப்பிடாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். தோலையும் கொழுப்பையும் நீக்கினால் டிடிடி, பிசிபி குறையும். புரதத்தில் ஒட்டும் பிஎஃப்ஏஎஸ்-க்கு அந்த வழி உதவாது. ஆற்றுச் சீரமைப்புக் கூட்டத்துக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: “வருஷத்துக்கு ஒரு தடவை மீனையும் சோதிப்பீங்களா?”